வன்னியில் தாமே சமைத்துத் தங்கும் விடுமுறை வீடு: காணிப் பத்திரம் முதல் சாவி கொடுப்பது வரை

ஜூலை, ஓகஸ்ற் மாதங்களில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற குடும்பங்கள் வன்னியில் தங்க இடம் தேடினால், அகப்படுவது பெரும்பாலும் ஏ9 வீதியோரத்து அறைகள்தான். அம்மம்மாவுக்கு இரவில் கஞ்சி வேண்டும். சின்னவனுக்கு உறைப்பு ஆகாது. மற்றவர்களுக்குக் குளத்து மீன் குழம்பு வேண்டும். மூன்று நேரமும் கடைச் சாப்பாட்டோடு ஒரு கிழமை இருக்க அந்தக் குடும்பத்தால் முடியாது. கொழும்பிலிருந்து பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கும் இதே பாடுதான். இன்னொரு பக்கம், முத்தையன்கட்டிலும் அக்கராயனிலும் நெடுங்கேணியிலும் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிற வீடுகள் எத்தனையோ. வளவில் மாங்காய் விழுந்து அழுகுகிறது, கூரைக்குள் வௌவால் குடியிருக்கிறது.

அப்படி ஒரு வீடு உங்களிடம் இருந்தால், அதைக் குடும்பங்கள் தாமே சமைத்துத் தங்கும் விடுமுறை வீடாக மாற்றுவது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். இதில் நீங்கள் வாடகைக்கு விடுவது ஒரு முழுக் குடித்தனத்தை. தண்ணீரும் குசினியும் சரியாக இருந்தால் மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டும் பிழைத்தால், ஏசி பூட்டிய அறை இருந்தும் வந்தவர்கள் இரண்டாம் நாளே கிளம்பிவிடுவார்கள். அதனால் பெயின்ற் வாளியைக் கடைசியாகத் தூக்குங்கள்.

1. முதலில் காணிப் பத்திரம்

வன்னியில் சொந்த உறுதியுள்ள உறுதிக் காணியும் உண்டு, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிற் காணியும் உண்டு. குடியேற்றத் திட்டங்களில் கொடுத்த காணிகள் பெரும்பாலும் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தவை. கையில் இருப்பது அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோதான். இவற்றை உறுதிக் காணி போல நினைத்தபடி விற்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது, பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும். வீட்டைத் திருத்தக் காசு இறக்குவதற்கு முன்பே கிராம அலுவலரைக் கண்டு, பிரதேச செயலகத்துக் காணிக் கிளையில் உங்கள் பத்திரத்தைக் காட்டி, இந்தத் தொழிலை இதில் செய்யலாமா என்று எழுத்தில் கேளுங்கள்.

பத்திரம் இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே இருக்கிறது, சகோதரர்கள் மூன்று நாட்டில் இருக்கிறார்கள் என்றால் பின்னுரித்தை, அதாவது காணி அடுத்து யார் பெயருக்குப் போகும் என்பதை, முதலில் ஒழுங்கு செய்யுங்கள். வீடு உழைக்கத் தொடங்கிய பிறகு பங்குப் பேச்சு எழுந்தால் உறவும் போகும், வீடும் போகும்.

வளவின் பின்பக்கம் காடு என்றால் எல்லைக் கல்லையும் பாருங்கள். இடம்பெயர்ந்திருந்த வருடங்களில் பற்றை வளர்ந்து காடான காணிகளுக்கு வன இலாகா எல்லை போட்ட இடங்கள் உண்டு. அந்தப் பக்கம் ஒரு குடில் போடுவதென்றாலும் கேட்டுவிட்டுப் போடுவதே நல்லது.

2. நிலம் பாதுகாப்பானதா?

இது வன்னி என்பதால் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. மீள்குடியேற்றத்துக்கு முன் கண்ணிவெடி அகற்றிய நிலமாக இருந்தாலும், நீண்ட காலம் யாரும் கொத்தாத மூலை உங்கள் வளவில் இருந்தால், புதுக் குழி வெட்டுவதற்கு முன் கிளிநொச்சியிலுள்ள கண்ணிவெடிச் செயற்பாட்டுக்கான பிராந்திய அலுவலகத்தில் விசாரியுங்கள். குப்பை கொளுத்தும்போது மண்ணுக்குள் கிடந்தது வெடித்த சம்பவங்கள் இங்கே நடந்திருக்கின்றன. குப்பை எரிக்க சீமெந்தால் கட்டிய ஒரே இடம் இருக்கட்டும், விருந்தினர் வேறெங்கும் நெருப்பு மூட்டக் கூடாது. அயலில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை எங்காவது நின்றால், அந்தப் பாதையை வந்த அன்றே பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுங்கள்.

அடுத்தது வெள்ளம். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எந்த ஒழுங்கைக்குள் தண்ணீர் நின்றது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் கை நீட்டிக் காட்டுவார்கள். வீடு மேட்டில் இருந்தால் மட்டும் போதாது. பிரதான வீதியிலிருந்து வீட்டுக்கு வரும் மதகும் மேலே இருக்க வேண்டும். குளம் நிரம்பி வான் பாயும் காலத்தில் அந்த மதகு மூழ்குமென்றால் நவம்பர், டிசம்பரில் பதிவு எடுக்காதீர்கள்.

3. தண்ணீர்

ஆட்கள் அதிகம் வருகிற ஜூலை, ஓகஸ்ற் மாதங்கள்தான் வன்னியில் கிணறு அடியில் கிடக்கிற மாதங்களும். சோளகக் காற்று புழுதியை வாரி அடிக்கும், வருகிறவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு தரம் குளிப்பார்கள், கிணற்றிலோ முழங்காலளவு தண்ணீர். ஆகவே கிணற்றை மாசியில் பார்த்து மகிழாமல் ஓகஸ்ற்றில் பாருங்கள். காலையில் மோட்டரைப் போட்டு இறைத்து, எவ்வளவு நேரத்தில் வற்றுகிறது, எவ்வளவு நேரத்தில் திரும்ப ஊறுகிறது என்று குறித்துவையுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 120 லீற்றர் என்று வைத்தாலும் ஆறு பேருக்கு 720 லீற்றர். அந்த அளவுக்கு ஊறாத கிணறு என்றால் ஆழப்படுத்த வேண்டும், அல்லது ஆட்களைக் குறைத்து எடுக்க வேண்டும். 1000 லீற்றர் தொட்டி ஒன்று மேலே இருந்தால் கறண்ட் நின்ற நாளையும் சமாளிக்கலாம். அதற்கும் மேலாகக் கிணற்றில் ஒரு கப்பியும் கயிறும் வாளியும் எப்போதும் தொங்கட்டும்.

குடிதண்ணீர் வேறு கதை. வன்னியின் பல இடங்களில் கிணற்று நீர் கடினமானது. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் புளோரைட்டும் கூடுதலாக உள்ள கிணறுகள் உண்டு. இலங்கைத் தர நியமம் புளோரைட்டுக்கு வைத்திருக்கும் உச்ச அளவு லீற்றருக்கு 1 மில்லிகிராம். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் புளோரைட், கடினத்தன்மை, இரும்பு, நைத்திரேற்று, கிருமி ஆகிய ஐந்தையும் பரிசோதிக்கக் கொடுங்கள். கொதிக்கவைத்தால் எல்லாம் சரி என்று பலர் நினைக்கிறார்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், புளோரைட் அப்படியே இருக்கும். தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு இன்னும் கொஞ்சம் கூடவே செய்யும்.

எனவே குடிக்கவும் சமைக்கவும் ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்திகரித்த தண்ணீரைக் கொடுங்கள். ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு 20 லீற்றர்க் கான் ஒன்று. வந்திறங்கும்போது இரண்டு கான் குசினியில் நிற்க வேண்டும், அடுத்ததைக் கொண்டுவந்து தருகிறவரின் போன் இலக்கம் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். கிணற்றுப் பைப்புக்கு மேல் ‘கழுவ மட்டும்’ என்று எழுதிவிடுங்கள்.

மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கட்டும், அயல்வீட்டுக் கிணற்றையும் சேர்த்து அளந்து பாருங்கள். கிணற்றுக் கட்டு மூன்றடிக்குக் குறையக் கூடாது, மேலே கம்பி வலை போட்ட மூடி வேண்டும். பிளாற் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கிணறு ஒரு புதினம், எட்டிப் பார்க்காமல் விடமாட்டார்கள். அதே கிணற்றடியைச் சுற்றி ஆளுயரத்துக்குக் கிடுகு வேலி அடைத்து, நீர் வழிந்தோடச் சீமெந்துத் தளம் போட்டு, ஓடுகிற தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிட்டால், வந்தவர்கள் குளியலறையை மறந்துவிடுவார்கள்.

4. வீட்டைத் திருத்துதல்

இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய 550 சதுர அடி வீடே ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குப் போதும். புதுக் கட்டடம் வேண்டாம். அதோடு எட்டடி அகலத்தில் ஒரு விறாந்தையை இறக்குங்கள். வெக்கை காலத்தில் குடும்பம் முழுவதும் பகலில் அங்கேதான் கிடக்கும். சீற் கூரையென்றால் மேலே கிடுகு வேய்வதுதான் நான் கண்டதில் நல்ல வழி. அடிக்கடி மாற்ற வேண்டிய செலவு உண்டு, ஆனால் அந்தக் கூலி ஊருக்குள்ளேயே நிற்கும். காற்றாடி ஒவ்வொரு அறைக்கும் வேண்டும். நீச்சல் தடாகம் கட்டலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதே. ஓகஸ்ற்றில் அயலார் தோட்டத்துக்குத் தண்ணீர் இல்லாமல் தவிக்கும்போது நீங்கள் தடாகம் நிரப்புவது ஊரோடு ஒத்து வாழும் வேலை இல்லை.

பாம்பைப் பற்றிப் பயப்படுத்தாமலும் மறைக்காமலும் பேச வேண்டும். புடையனும் நாகமும் கண்டங்கருவளையும் இங்கே இருக்கின்றன. கண்டங்கருவளை பெரும்பாலும் இரவில், தரையில் பாய் போட்டுப் படுப்பவர்களைத்தான் கடிக்கிறது. கடி வாய் வலிப்பதும் குறைவு, பல்லடையாளமும் சரியாகத் தெரியாது. கண் இமை தானாகச் சரியத் தொடங்கும்போதுதான் சந்தேகம் வரும். ஆகவே எல்லோருக்கும் கட்டில், எல்லாக் கட்டிலுக்கும் நுளம்பு வலை, வலையின் ஓரம் மெத்தைக்கு அடியில் செருகியிருக்க வேண்டும். நுளம்பு, பாம்பு இரண்டையும் அந்த ஒரு வலையே தடுக்கும். கதவடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் றப்பர்ப் பட்டி அடியுங்கள். விறகும் தேங்காய் மட்டையும் வீட்டோடு ஒட்டிக் குவிக்காதீர்கள், எலி வந்தால் பின்னாலேயே பாம்பும் வரும். மலசலகூடம் வெளியில் என்றால் வழியெல்லாம் வெளிச்சம் வேண்டும், வாசலில் இரண்டு ரோச் லைற் தொங்க வேண்டும்.

கடித்தால் கட்டுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவைக்கு எடுக்க வேண்டும். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைகளில் எது உங்களுக்குக் கிட்ட, போக எவ்வளவு நேரம் என்பதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

5. குசினி

ஹோட்டல் நடத்துகிறவர்கள் கதிரை, மேசை, கட்டிலை நினைப்பார்கள். நீங்கள் திருவலையை நினையுங்கள். தேங்காய் திருவ முடியாத வீட்டில் சொதி இல்லை, சம்பல் இல்லை, புட்டும் இல்லை. ஊர்ப் பெண்களுக்கு இருந்து திருவும் பலகைத் திருவலை. வெளிநாட்டில் வளர்ந்தவர்களுக்கு மேசையில் பூட்டிச் சுற்றும் திருவலை. இரண்டையும் வையுங்கள்.

அடுப்பு இரண்டு விதம். உள்ளே இரண்டு வாய்க் காஸ் அடுப்பு, 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று பூட்டியபடி, ஒன்று உபரியாக. சிலிண்டருக்கு ஜன்னலோரம் இடம் ஒதுக்குங்கள், றெகுலேற்றர்க் குழாயை வருடம் ஒருமுறையாவது மாற்றுங்கள். வெளியில் ஒரு பத்தி இறக்கி விறகடுப்பு. காய்ந்த விறகும் அடுப்பு மூட்டப் பன்னாடையும் பாளையும் நனையாத இடத்தில் இருக்கட்டும். வருகிறவர்களில் பாதிப்பேர் முதல் நாள் காஸில் தேத்தண்ணீர் போடுவார்கள், மூன்றாம் நாள் எல்லோரும் விறகடுப்பைச் சுற்றி இருப்பார்கள்.

சட்டிகளில் சைவச் சட்டி வேறு, மச்சச் சட்டி வேறு. இதை விட்டுவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை விரதக்காரரும் கோயில் திருவிழாவுக்கு வந்தவர்களும் மீன் சமைத்த சட்டியில் சோறு வைக்க மாட்டார்கள். கைபிடியில் பச்சை நிறமும் சிவப்பு நிறமும் பூசி, வேறு வேறு தட்டில் அடுக்குங்கள், அகப்பையும் அப்படியே. முஸ்லிம் குடும்பம் பதிவு செய்தால் புதுச் சட்டிகள் இரண்டு வாங்கிவையுங்கள். அந்தக் கவனத்துக்கு ஆகும் செலவு சொற்பம்.

இவற்றுக்கு மேல் இடியப்ப உரல், இடியப்பத் தட்டுகள், நீத்துப்பெட்டி, புட்டுக்குழல், அரிதட்டு, சுளகு, அம்மியும் குழவியும், நன்றாக வெட்டும் கத்தி இரண்டு, மண்சட்டி, தாச்சி, பெரிய சோற்றுப் பானை, ஆள் தொகையை விட நாலு கூடுதலாகக் கோப்பைகள். ஊர் உறவு தேடிவந்த குடும்பத்துக்குப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டேயிருப்பார்கள். மிக்ஸியும் வையுங்கள், அம்மியில் எல்லோராலும் அரைக்க முடியாது. பிறிட்ஜ் நடுத்தர அளவில் போதும். உப்பு, சீனி, தேயிலை, மிளகாய்த்தூள், மஞ்சள், கடுகு, புளி, தேங்காயெண்ணெய், இரண்டு கிலோ அரிசி, ஆறு தேங்காய் இவை வந்த அன்றே அலுமாரியில் இருக்க வேண்டும். ஆறேழு மணி நேரம் ஓடி இரவில் வந்து இறங்குகிறவர்களைக் கடை தேட விடக் கூடாது. எறும்பு, எலி ஏறாத மூடிப் போத்தல்களில் பெயர் எழுதி வையுங்கள்.

மீன் வெட்ட வெளியில் தனி இடம் வேண்டும். இடுப்பளவுச் சீமெந்துத் திட்டு, அதன் தலைமாட்டில் ஒரு பைப், பக்கத்தில் ஒரு பேணி சாம்பல். வராலைச் சாம்பலில் பிரட்டினால்தான் கைக்குள் நிற்கும். செதிளெடுத்து, கரடான கல்லில் தேய்த்து, உப்பும் புளியும் போட்டுப் பிசைந்து, மூன்று தண்ணீரில் அலசினால் சேற்று மணம் போய் விடும். இந்தச் செய்முறையைத் திட்டுக்கு மேலே ஒரு பலகையில் எழுதிவிடுங்கள். குசினிக்குள் வெட்டினால் அடுத்த குடும்பம் வரும்வரை மணம் நிற்கும்.

6. சாமான் எங்கே வாங்குவது?

இதற்கு ஊரையே சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் குளக்கட்டில் மீன் நிறுக்கும் இடம், பால் தருகிற வீடு, எருமைத் தயிர்ச் சட்டி கிடைக்கும் இடம், ஊர்க்கோழி வளர்க்கும் அக்கா, இடியப்பம் அவித்து விற்கும் வீடு. ஒவ்வொருவரிடமும் நேரில் போய்க் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும் இலக்கத்தைப் பட்டியலில் போடுங்கள். ஊராருக்கு ஒரு விலை, வெளிநாட்டுக்காரருக்கு ஒரு விலை என்று ஆகிவிடாமல் முதலிலேயே பேசி வையுங்கள். இடையில் நின்று தரகு எடுக்காதீர்கள். உங்கள் வீட்டுக்கு ஆள் வந்தால் தங்களுக்கும் நாலு காசு வரும் என்று ஊர் கண்டால், நீங்கள் இல்லாத நேரத்திலும் வீட்டுக்குக் காவல் இருக்கும்.

காலத்துக்கு ஏற்றதைச் சொல்லிக் கொடுங்கள். காலபோக அறுவடை முடிந்த கையோடு வந்தால் புது நெல்லரிசி. கோடையில் பாலைப்பழம். பாலைப்பழம் தின்றால் உதடு ஒட்டும், தேங்காயெண்ணெய் கொஞ்சம் பூசிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆட்டக்காரி அரிசி கிடைத்தால் ஒரு கிலோவை நீங்களே வாங்கி வையுங்கள், கஞ்சிக்கு அதுதான்.

7. பதிவும் அனுமதியும்

சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிய வேண்டும். வீட்டுக்காரர் உடன் இருந்து அறை கொடுத்தால் ஹோம் ஸ்ரே வகை. முழு வீட்டையும் கொடுத்தால் பங்களா, வாடகை வீடு என்று வேறு வகைகள். பிரதேச சபையில் அனுமதி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வை என்பவையும் உண்டு. பத்திரமும் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையும் கையில் இருந்தால் இந்த வேலை இலகு.

8. விலை, பதிவு, வீட்டுக் கொப்பி

ஆளுக்கு இவ்வளவு என்று விலை வைக்காதீர்கள், வீட்டுக்கு இவ்வளவு என்று வையுங்கள். பெரியம்மா ஒரு இரவு கூடத் தங்கினால் கணக்குக் கேட்கிற வீட்டுக்கு எந்தக் குடும்பமும் திரும்ப வராது. கறண்ட், காஸ், தண்ணீர்க் கான், துப்புரவுக் கூலி, கிடுகு, மோட்டர் பழுது எல்லாவற்றையும் ஒரு வருடத்துக்குக் கூட்டி, ஆள் வரக்கூடிய இரவுகளால் பிரித்துப் பாருங்கள். அதற்குக் கீழே இறங்கினால் நட்டம். குறைந்தது இரண்டு இரவு என்று வைத்தால் துப்புரவுச் செலவு கட்டும். சித்திரை, ஓகஸ்ற், டிசம்பர் பாடசாலை விடுமுறைகளில் உள்ளூர்க் குடும்பங்களுக்கும் இடம் கிடைக்கும்படி சில கிழமைகளை ஒதுக்கிவையுங்கள்.

இணையத்தில் போடும் படங்களில் முதல் படம் குசினியாக இருக்கட்டும். ரொய்லெற்றின் படமும் போடுங்கள். ஏசி இல்லை, கறண்ட் நிற்கும், கடைசி இரண்டு கிலோமீற்றர் கிரவல் றோட்டு என்பதையெல்லாம் தமிழில் வெளிப்படையாக எழுதுங்கள். யாழ்தேவியில் வருபவர்கள் வவுனியா, மாங்குளம், கிளிநொச்சியில் எங்கே இறங்க வேண்டும், அங்கிருந்து ஓட்டோ எவ்வளவு கேட்கும் என்பதும் அதில் வரட்டும்.

வீட்டுக்குள் ஒரு கொப்பி வையுங்கள். மோட்டர் சுவிச் எது, பியூஸ் எங்கே, எந்தச் சாவி எந்தக் கதவுக்கு, குப்பை என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது. பெரிய எழுத்தில், கையால்.

9. வெளியே போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை

குளத்தில் இறங்கிக் குளிக்க எல்லோருக்கும் ஆசை வரும். தண்ணீர் திறந்துவிடும் துருசுப் பக்கம் இழுவை இருக்கும், வன்னிக் குளங்களில் முதலையும் உண்டு. ஊர்க்காரர் குளிக்கிற துறையில், அவர்கள் குளிக்கிற நேரத்தில் மட்டும். பொழுதுபட்ட பிறகு மாங்குளம் - முல்லைத்தீவு வீதி போன்ற காட்டு வழிகளில் மோட்டார் சைக்கிளில் போக வேண்டாம், யானை நிற்கும். வளவுக்குள் வாழைக்குலை பழுக்க விட்டாலும் யானை தேடி வரும். வெட்டி உள்ளே வையுங்கள்.

போக இடங்களுக்குக் குறைவில்லை. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை கண்ணகி அம்மன், ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர், ஜூலை 2, ஓகஸ்ற் 15 திருவிழாக்களுக்கு மடு மாதா கோயில். பறவை பார்ப்பவர்களுக்கு 2015 இல் தேசியப் பூங்காவான சுண்டிக்குளமும் கொக்கிளாய்க் களப்பும். முறிகண்டியில் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்காமல் யாரும் போக மாட்டார்கள், அதை நீங்கள் சொல்லத் தேவையில்லை.

போர் நடந்த இடங்களைச் சுற்றிக் காட்டுவதாக விளம்பரம் போடாதீர்கள். உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களில் இந்த மண்ணில் ஆட்களைப் பறிகொடுத்தவர்கள் இருப்பார்கள். மே 18 ஐ ஒட்டி முள்ளிவாய்க்காலுக்கு விளக்கேற்ற வருகிற குடும்பத்திடம் எதுவும் கேட்காமல், வீட்டைத் துப்புரவாக ஒப்படைத்து, விளக்கும் திரியும் எண்ணெயும் மேசையில் வைத்துவிட்டு வாருங்கள்.

10. போனதும் வருவதும்

ஒரு குடும்பம் போய் அடுத்தது வர ஒரு முழு நாள் இடைவெளி வேண்டும். மெத்தை, தலையணையை வெயிலில் போடுங்கள். பிறிட்ஜில் மிஞ்சியதை வைத்திருக்காதீர்கள். சட்டிகளை மணந்து பார்த்து, மணம் நிற்பவற்றைத் திரும்பக் கழுவுங்கள். நுளம்பு வலையில் ஓட்டை தேடித் தையுங்கள். பூச்சாடித் தட்டு, சிரட்டை, ரயர் எதிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள், மழை காலத்தில் டெங்கு அதிலிருந்துதான் வரும். சிலிண்டரைத் தூக்கிப் பாரம் பாருங்கள். இடையில் ஒரு மாதத்துக்கு ஆள் இல்லையென்றால் கிழமைக்கு ஒருமுறை யாராவது போய் ஜன்னல்களைத் திறந்து, மோட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, எல்லாப் பைப்பையும் திறந்து பழைய தண்ணீரைப் போகவிட வேண்டும். அந்த வேலைக்குப் பக்கத்து வீட்டில் ஒருவரை மாதச் சம்பளத்துக்கு வையுங்கள், விருந்தினர் இல்லாத மாதத்திலும் அவர் சம்பளம் நிற்கக் கூடாது.